அறிந்தும் காக்கப்படாத மின்கட்டமைப்பு: மின்காந்தத் துடிப்பும் அமெரிக்க அரசின் கொள்கையும்

2019 மார்ச் 26 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் 13865 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் கையொப்பமிட்டார். அணுகுண்டு உயரத்தில் வெடிப்பது போன்றவற்றால் திடீரென எழும் வலிய மின்காந்த அலையான மின்காந்தத் துடிப்பால் நாட்டின் மின்சாரமும் தொலைத்தொடர்பும் குடிநீரும் முடங்காமல் காப்பதில் எந்தத் துறைக்கு என்ன பொறுப்பு என்பதை அரசு முழுமைக்குமாக வகுத்துச் சொன்ன முதல் ஆணை அது. அந்த அபாயத்தை அமெரிக்கா தன் மண்ணிலேயே கண்டதோ 1962 ஜூலையில். இடைப்பட்ட ஏறத்தாழ 57 ஆண்டுகளில் ஏவுகணைத் தளங்களும் போர் விமானங்களும் கட்டளை மையங்களும் துடிப்பைத் தாங்கும்படி கட்டப்பட்டன. அதே காலத்தில் மருத்துவமனைக்கும் நீரேற்று நிலையத்துக்கும் வீட்டுக்கும் மின்சாரம் கொண்டுவரும் கட்டமைப்பு எந்தக் கட்டாய விதியும் இல்லாமலேயே விடப்பட்டது. அறிவியல் தெரியாததால் இப்படி நேர்ந்ததென்று சொல்ல வழியில்லை. யார் உரிமையாளர், யார் செலவு செய்வது, யார் கட்டளையிடலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்காததே காரணம் என்பதை ஆவணங்களின் வரிசையே காட்டுகிறது.

ஹவாயும் கஜகஸ்தானும், 1962

பசிபிக் கடலில் உள்ள ஜான்ஸ்டன் பவளத்தீவிலிருந்து தோர் ஏவுகணை ஒன்று சுமந்து சென்ற 1.4 மெகாடன் அணுகுண்டு, 1962 ஜூலை 8 அன்று ஹவாய் நேரப்படி இரவு 11 மணிக்கு, தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கப்பட்டது. 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்பது அந்தச் சோதனையின் பெயர். வெடிப்பு நிகழ்ந்த இடத்திலிருந்து 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஓஹு தீவில் தெருவிளக்குகளின் சுமார் 30 தொடர்கள், ஏறக்குறைய 300 விளக்குகள், ஒரே நொடியில் அணைந்தன. களவு எச்சரிக்கை மணிகள் தாமாக ஒலித்தன. தீவுகளுக்கு இடையிலான நுண்ணலைத் தொலைபேசி இணைப்பு ஒன்றும் பழுதானது.

அணைந்த விளக்குகள் தீவின் மொத்த விளக்குகளில் மிகச் சிறு பங்கே. ஆனால் அவை அணைந்த விதம் கவனிக்கத்தக்கது. அவை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் கோக்கப்பட்டிருந்தன. தெருக்களின் வழியே நெடுந்தூரம் ஓடிய அந்தக் கம்பி வளையம் வானிலிருந்து வந்த துடிப்பை ஆன்டெனாவைப் போல உள்வாங்கியது. அப்போது பிறந்த மின்னோட்டம் உருகிகளை எரித்தது. எவ்வளவு நீளமான உலோகக் கம்பியோ அவ்வளவு பெரிய ஆபத்து என்ற பாடம் அன்றே அங்கே இருந்தது. சேதத்தின் அளவு சிறிதாக இருந்ததற்கு அக்காலத்துக் கருவிகளின் தன்மையும் ஒரு காரணம். வெற்றிடக் குழாய்களும், மின்சுற்றைத் திறந்து மூடும் மின்காந்தவியல் ரிலேக்களும் நிறைந்திருந்த அன்றைய ஹவாயில், சில வோல்ட்டுகளில் இயங்கும் நுண்செயலிகள் எங்கும் இல்லை.

அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று, கியூபா ஏவுகணை நெருக்கடி குறித்து கென்னடி நாட்டு மக்களிடம் உரையாற்றிய அதே நாளில், சோவியத் ஒன்றியம் கஜகஸ்தானுக்கு மேலே 290 கிலோமீட்டர் உயரத்தில் 300 கிலோடன் குண்டு ஒன்றை வெடித்தது. வெடிப்பாற்றல் அமெரிக்கச் சோதனையில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் இது கடலுக்கு மேல் நடக்கவில்லை, மக்கள் வாழும் நிலத்துக்கு மேல் நடந்தது. 570 கிலோமீட்டர் நீளமான தொலைபேசித் தடத்தில் 3,400 ஆம்பியர் வரையிலான மின்னோட்டம் பாய்ந்து, அதன் எல்லாப் பகுதிகளிலும் உருகிகளை எரித்தது. இன்றைய அஸ்தானாவிலிருந்து அல்மாட்டி வரை, ஈய உறையோடு 90 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கப்பட்டிருந்த 1,000 கிலோமீட்டர் மின்வடமும் செயலிழந்தது. இந்த விவரங்கள் சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னரே ரஷ்ய அறிவியலாளர்கள் வழியாக வெளியுலகுக்கு வந்தன. மண்ணுக்குள் புதைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நம்பியவர்கள் இந்தச் சோதனையின் முடிவுகளைப் படித்திருந்தால் கருத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

துடிப்பின் மூன்று கட்டங்கள்

உயரத்தில் வெடிக்கும் அணுகுண்டிலிருந்து புறப்படும் காமா கதிர்கள், தரைக்கு மேலே 20 முதல் 40 கிலோமீட்டர் வரையுள்ள காற்று மூலக்கூறுகளில் மோதி எலக்ட்ரான்களைத் தெறிக்கச் செய்கின்றன. புவியின் காந்தப்புலம் அந்த எலக்ட்ரான்களை வளைத்துத் திருப்புகிறது. அவ்வாறு ஒரே நேரத்தில் வளையும் கோடானுகோடி எலக்ட்ரான்கள் சேர்ந்து ஒரு மின்காந்த அலையாகத் தரையை நோக்கி இறங்குகின்றன. ஸ்டார்ஃபிஷ் சோதனையில் அளவீட்டுக் கருவிகளின் எல்லையையே தாண்டிப்போன துடிப்புக்கு இந்த விளக்கத்தைத் தந்தவர் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த கான்ராட் லாங்மயர்.

வல்லுநர்கள் துடிப்பை இ1, இ2, இ3 என மூன்றாகப் பிரிக்கின்றனர். இ1 நானோ நொடிகளில் உச்சத்தை எட்டுவது. இரகசியமல்லாத பன்னாட்டுத் தரநிலை அதற்கு மீட்டருக்கு 50,000 வோல்ட் என்ற உச்ச மதிப்பைக் கொள்கிறது. மின்னலுக்காகப் பொருத்தப்படும் காப்புச் சாதனங்கள் விழித்துக்கொள்வதற்குள் அது கடந்துபோய், சுற்றுப்பலகைகளைத் தாக்கிவிடும். இ2 மின்னலை ஒத்தது, தனியாக வந்தால் பெரிய அச்சுறுத்தல் இல்லை. இ3 பல பத்து நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை நீடிக்கும் மெதுவான அலை. அது நீண்ட உயர் அழுத்தத் தடங்களின் வழியே ஏறத்தாழ நேர்மின்னோட்டம் போன்ற ஒன்றைச் செலுத்தும். அந்த மின்னோட்டம் நிலத்தோடு இணைக்கப்பட்ட நடுமுனை வழியாக மின்மாற்றிக்குள் நுழைந்தால், அதன் இரும்பு உள்ளகம், அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலையான காந்தச் செறிவு அடைந்து சூடேறும். மாறுமின்னோட்டத்தின் அலைவடிவம் சிதையும், கட்டமைப்பின் மின்னழுத்தமும் சரியும்.

இந்த மூன்றாவது கட்டம் சூரியனிலிருந்து வரும் புவிகாந்தப் புயலின் விளைவை ஒத்தது. கொள்கை வரலாற்றில் ஒரு பெரும் திருப்பம் இந்த ஒற்றுமையிலிருந்தே பிறந்தது.

படைக்குக் கிடைத்த காப்பு

1963-இல் கையெழுத்தான பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கை வான்வெளியிலும் விண்வெளியிலும் அணுச் சோதனைகளை நிறுத்தியது. அதன் பிறகு துடிப்பைச் செயற்கையாக உருவாக்கித்தான் சோதிக்க வேண்டியிருந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் கர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தில் 'டிரெஸில்' என்ற மாபெரும் மேடை எழுந்தது. ஒட்டிச் சேர்த்த மரத்தூண்களாலான அதில் துடிப்பின் அளவீட்டைக் கெடுக்கும் உலோக ஆணிகளைத் தவிர்த்திருந்தார்கள். கனரகக் குண்டுவீச்சு விமானங்களை அதன்மேல் உருட்டி நிறுத்தி, பறக்கும் நிலையில் துடிப்பு தாக்கினால் என்ன ஆகும் என்று 1991 வரை சோதித்தார்கள். தரையிலுள்ள தகவல்தொடர்பு மையங்களுக்கு மில்-ஸ்டாண்டர்ட்-188-125 என்ற படைத்துறைத் தரநிலை வந்தது. எத்தகைய உலோக உறை வேண்டும், உள்ளே நுழையும் ஒவ்வொரு கம்பிக்கும் எத்தகைய வடிகட்டி வேண்டும், கட்டி முடித்த பின் எவ்வாறு சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்பதையெல்லாம் அது வரையறுக்கிறது.

ஆகவே துடிப்பிலிருந்து ஒரு கட்டடத்தைக் காக்கும் பொறியியல் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முதிர்ந்துவிட்டது. குடிமக்களின் கட்டமைப்புக்கு அது வராமல் போனதற்குப் பனிப்போர்க் காலச் சிந்தனை ஒரு காரணம். துடிப்பு வருமானால் அது முழு அணு ஆயுதப் போரின் முதல் நிமிடமாகத்தான் இருக்கும், அதற்குப் பின் நகரங்களே இருக்கப்போவதில்லை என்னும்போது தெருவிளக்கைக் காத்து என்ன பயன் என்று அன்று எண்ணினார்கள். பனிப்போர் முடிந்ததும் அந்தத் தர்க்கம் உதிர்ந்துபோனது. ஓரிரு ஏவுகணைகளும் ஓரிரு குண்டுகளும் மட்டுமே உள்ள ஒரு நாடு, எந்த நகரத்தையும் குறிபார்க்காமல், வான்வெளிக்கு மேலே ஒன்றை வெடித்தாலே போதும் என்ற நிலை வந்தது. கொள்கை அந்த மாற்றத்தைப் பின்தொடரவில்லை.

ஆணையத்தின் பணியும் 90 சதவீதக் கணக்கும்

மேரிலாந்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ராஸ்கோ பார்ட்லெட் அரசியலுக்கு வருமுன் அறிவியலாளராகப் பணியாற்றியவர். 1999-இல் நேட்டோ படைகள் யூகோஸ்லாவியா மீது குண்டுவீசிக்கொண்டிருந்தபோது, வியன்னாவில் ரஷ்ய நாடாளுமன்றக் குழுவினரைச் சந்தித்த அமெரிக்கக் குழுவில் அவரும் இருந்தார். ரஷ்யா உண்மையிலேயே அமெரிக்காவைப் புண்படுத்த நினைத்தால் உயரத்தில் ஒரு குண்டை வெடித்து மின்சாரத்தையும் தொடர்புகளையும் நிறுத்திவிட முடியும் என்ற பொருளில் ரஷ்யத் தரப்பினர் பேசியதை அவர் பின்னாளில் பலமுறை பதிவு செய்திருக்கிறார். அவருடைய முயற்சியால் 2001 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் வழியே மின்காந்தத் துடிப்பு ஆணையம் அமைந்தது. ரீகன் ஆட்சியில் அறிவியல் ஆலோசகராக இருந்த வில்லியம் கிரஹாம் அதன் தலைவரானார்.

ஆணையத்தின் முதல் அறிக்கை 2004 ஜூலை 22 அன்று வெளியானது. செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய ஆணையத்தின் அறிக்கையும் அதே நாளில் வெளியானதால் நாடு முழுவதும் அதைத்தான் படித்தது. 2008-இல் வந்த இரண்டாவது அறிக்கை மின்சாரம், தொலைத்தொடர்பு, வங்கி, எரிபொருள், போக்குவரத்து, உணவு, நீர் எனத் துறைதுறையாக ஆராய்ந்தது. அதில் இன்றளவும் மதிப்புடையவை நேரடிச் சோதனைகளே. எடுத்துக்காட்டாக, 1986 முதல் 2002 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த 37 கார்களைத் துடிப்புக்கு உட்படுத்தினார்கள். ஓடிக்கொண்டிருந்த கார்களில் மூன்று, மீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் அளவில் நின்றுபோயின, ஆனால் மீண்டும் இயக்கியபோது கிளம்பின. எல்லா வாகனங்களும் அந்த நொடியே இரும்புக் கூடாகிவிடும் என்று பரவியிருக்கும் கற்பனைக்கு இந்தச் சோதனை இடம் தரவில்லை. அதே அறிக்கை மின்கட்டமைப்பின் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றிக் கூறியது இவ்வளவு ஆறுதல் தருவதாக இல்லை. ஒரு துறை வீழ்ந்தால் அதை நம்பியிருக்கும் மற்றொன்றும் வீழும் என்பதும், மின்சாரம் இல்லாமல் எரிபொருள் ஏற்ற முடியாது, எரிபொருள் இல்லாமல் மின்சாரத்தை மீட்க முடியாது என்பதும் அதன் மையக் கவலைகள்.

ஆனால் பொதுவெளியில் நிலைத்தது வேறொரு எண். நீண்டகால மின்தடையில் ஓராண்டுக்குள் அமெரிக்க மக்களில் 90 சதவீதம் வரை இறக்கக்கூடும் என்று ஆணையத்தோடு தொடர்புடையவர்கள், 2017 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன் அளித்த சாட்சியம் உட்பட, கூறிவந்தனர். நாடு முழுவதும் மின்சாரம் ஓராண்டு முற்றிலும் இல்லாமற்போகும், உதவி எங்கிருந்தும் வராது என்ற உச்சநிலை அனுமானத்தின் மீது நிற்கும் கணக்கு அது. அக்கறையோடு சொல்லப்பட்ட அந்த எண் காரியத்துக்குத் தீங்கே செய்தது என்பது என் கருத்து. அதை நம்பியவர்கள் எந்த முதலீடும் போதாது என்று மலைத்தார்கள். நம்பாதவர்களோ மொத்தப் பிரச்சினையையும் மிகைப்படுத்தல் என்று ஒதுக்கினார்கள். எந்த மின்நிலையத்தில் எந்தக் கருவியை முதலில் காப்பது என்ற நடுத்தரமான, செய்யக்கூடிய கேள்வி இருவருக்கும் இடையில் காணாமற்போனது.

சபையில் நிறைவேறி செனட்டில் நின்றது

காப்பைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, சுருக்கமாக ஃபெர்க்குக்கு, வழங்கும் மசோதா 2010-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. மேலவையான செனட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2011-இலும் 2013-இலும் அரிசோனா உறுப்பினர் டிரென்ட் ஃபிராங்ஸ் கொண்டுவந்த ஷீல்டு மசோதாக்களும் சட்டமாகவில்லை. 2015 டிசம்பரில் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டம் ஒன்றுக்குள், மின்கட்டமைப்பு நெருக்கடியின்போது எரிசக்தித் துறைச் செயலர் அவசர ஆணை பிறப்பிக்கலாம் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அந்த நெருக்கடியின் வரையறையில் மின்காந்தத் துடிப்பும் இடம்பெற்றது. 2016 டிசம்பரில் வந்த பாதுகாப்புச் சட்டம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை ஒரு செயலுத்தி வகுக்கச் சொன்னது. அந்தச் செயலுத்தி 2018 அக்டோபரில் வெளியானது. மாநில அளவில் மெய்ன் மாநிலம் 2013-இலேயே தன் பொதுப்பயன்பாட்டு ஆணையத்தை இதுபற்றி ஆராயப் பணித்திருந்தது.

கட்டாயப்படுத்துவது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு 2005-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 மின் நிறுவனங்கள் உள்ளன. பங்குதாரர்களுக்குச் சொந்தமானவை, நகராட்சிகளுக்குச் சொந்தமானவை, கூட்டுறவுகள் என அவை பலவகை. மின்தொகுப்பின் நம்பகத்தன்மைக்கான விதிகளை ஃபெர்க் தானே எழுத முடியாது. வட அமெரிக்க மின் நம்பகத்தன்மைக் கழகம் எனப்படும் நெர்க், மின் நிறுவனங்களின் பங்கேற்போடும் வாக்கெடுப்போடும் விதிகளை எழுதும். ஃபெர்க் அவற்றை ஏற்கலாம், திருப்பி அனுப்பலாம், குறிப்பிட்ட பொருளில் ஒரு விதி எழுதும்படி பணிக்கலாம். இந்த அதிகாரமும் உயர் அழுத்த மின்தொகுப்போடு நின்றுவிடும். வீட்டு வாசல் வரை செல்லும் பகிர்மானக் கம்பிகள் மாநில ஆணையங்களின் பொறுப்பு, கட்டணத்தில் செலவைச் சேர்க்க அனுமதிப்பதும் பெரும்பாலும் அவற்றின் கையில்தான். நாட்டின் மீது அயல்நாடு தொடுக்கும் தாக்குதலைத் தடுப்பது கூட்டாட்சி அரசின் கடமை, அதற்கான பணத்தை எங்கள் நுகர்வோரின் மின்கட்டணத்திலிருந்து ஏன் எடுக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்குக் கூட்டாட்சி அரசு இதுவரை நேரான விடை தரவில்லை.

கியூபெக் திறந்த வழி

1989 மார்ச் 13 அதிகாலை 2.44 மணிக்கு, சூரியனிலிருந்து புறப்பட்ட புவிகாந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தை அடைந்தது. மாகாணத்தின் பெரும்பகுதி கனடியக் கேடயம் எனப்படும் பழம்பாறையின் மீது அமைந்துள்ளது. மின்சாரத்தை எளிதில் கடத்தாத அந்தப் பாறை, நிலத்துக்குள் ஓடவேண்டிய மின்னோட்டத்தை மேலே உள்ள மின்தடங்களுக்குள் தள்ளியது. மின்மாற்றிகளின் உள்ளகங்கள் செறிவடைந்து அலைவடிவம் சிதைந்தது. மின்னழுத்தத்தை நிலைநிறுத்திக்கொண்டிருந்த 7 ஈடுசெய் கருவிகள், தமக்கே ஆபத்து என்று எண்ணிக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் அடுத்தடுத்து விலகின. வடக்கேயுள்ள லா கிராந்த் நீர்மின் நிலையங்களிலிருந்து வந்த சுமார் 9,500 மெகாவாட் துண்டிக்கப்பட்டது. முதல் கருவி விலகியதிலிருந்து மாகாணம் முழுவதும் இருளடைய எடுத்துக்கொண்ட நேரம் சுமார் ஒன்றரை நிமிடம். 60 லட்சம் பேர் இருளில் இருந்தனர். 9 மணி நேரம் கழித்தும் ஆறில் ஒரு பங்குக்கு மின்சாரம் திரும்பவில்லை. அதே புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சேலம் அணுமின் நிலையத்தின் மின்மாற்றி ஒன்றையும் பழுதாக்கியது.

இந்த நிகழ்வே ஃபெர்க் பின்னர் எடுத்த நடவடிக்கைக்கு அடித்தளமானது. 2013 மே மாதம் 779-ஆம் ஆணையின் வழியாக, புவிகாந்தப் புயலுக்கெதிராக விதிகள் எழுதும்படி நெர்க்கைப் பணித்தது. 2016 செப்டம்பரில் டிபிஎல்-007 என்ற விதி ஏற்கப்பட்டது. 200 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட மின்மாற்றிகளைக் கொண்ட நிறுவனங்கள், நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலைக் கற்பித்துத் தம் கட்டமைப்பு தாங்குமா என்று கணக்கிட வேண்டும், தாங்காது என்றால் திருத்தத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கிலோமீட்டருக்கு 8 வோல்ட் என்ற நிலமின்புலத்தை அது அடிப்படை அளவாகக் கொண்டது. மறுபடி அமைக்கப்பட்ட மின்காந்தத் துடிப்பு ஆணையம் 2017-இல் அணுத்துடிப்பின் இ3 கட்டத்துக்குப் பரிந்துரைத்த அளவோ கிலோமீட்டருக்கு 85 வோல்ட். இயற்கைப் புயலுக்கான விதியைக் கடைப்பிடித்துவிட்டால் தாக்குதலுக்கும் பாதிக் காப்பு கிடைத்துவிடும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. பத்து மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாடும், புயலில் இ1 என்ற கட்டமே இல்லை என்ற உண்மையும் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை.

கட்டுப்பாட்டு அறைக்குள் நடப்பது

மின் நிறுவனங்களின் நிதியில் பெரும்பாலும் இயங்கும் மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக எப்ரி, எரிசக்தித் துறையோடும் தேசிய ஆய்வகங்களோடும் சேர்ந்து மூன்றாண்டு ஆராய்ந்து, நிர்வாக ஆணை வந்த அடுத்த மாதமே, 2019 ஏப்ரல் இறுதியில், தன் அறிக்கையை வெளியிட்டது. ஒரு குண்டால் பல மாநிலங்களைத் தழுவிய மின்னழுத்தச் சரிவு நேரலாம் என்றும், மின்மாற்றிகள் பெரும் எண்ணிக்கையில் எரிந்துபோவதற்கான வாய்ப்பு குறைவு என்றும் அது முடிவு கூறியது. கோளாறைக் கண்டு மின்தடத்தைத் துண்டிக்கச் சொல்லும் இலக்கமுறைப் பாதுகாப்பு ரிலேக்களைப் பொறுத்தவரை, மீட்டருக்கு 25,000 வோல்ட் அளவிலான இ1 தாக்கினால் மின்தட முனைகளில் சுமார் 5 சதவீதமும், 50,000 வோல்ட் அளவில் சுமார் 15 சதவீதமும் பாதிக்கப்படலாம் என்று மதிப்பிட்டது. மின்காந்தத் துடிப்பு ஆணையத்தின் ஆதரவாளர்கள் இந்த முடிவுகள் ஆபத்தைக் குறைத்துக் காட்டுவதாகக் கடுமையாக மறுத்தனர். எடுத்துக்கொண்ட துடிப்பின் அளவு போதாது என்பது அவர்களின் முதன்மையான வாதம்.

இந்தச் சர்ச்சையில் இரு தரப்பும் உடன்பட்ட ஒன்றை ஏனோ பலரும் கவனிக்கவில்லை. துணைமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையே மிகவும் பலவீனமான இடம். திறந்த வளாகத்தில் நிற்கும் மின்மாற்றிகள், துண்டிப்பான்கள், அளவீட்டுக் கருவிகள் ஒவ்வொன்றிலிருந்தும் செப்புக் கம்பி வடங்கள் தரைக் கால்வாய்களின் வழியே பல பத்து மீட்டர் ஓடி அந்த அறைக்குள் வந்து ரிலே பலகையின் பின்புறத்தில் இணைகின்றன. அறை பெரும்பாலும் செங்கல்லாலோ மெல்லிய தகட்டாலோ ஆனது. கால்வாயில் கிடக்கும் வடம் துடிப்பை வாங்கி உள்ளே கொண்டுவருகிறது, ஜன்னலும் கதவிடுக்கும் மீதியை உள்ளே விடுகின்றன. துண்டிப்பானுக்கு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லும் ரிலே பழுதானால், பல நூறு டன் எடையுள்ள மின்மாற்றி நன்றாகவே இருந்தாலும் காவலின்றி நிற்கும்.

இதற்குரிய மருந்தும் தெரிந்ததே. பின்னல் உறையுள்ள வடங்களைப் பயன்படுத்தி உறையின் இரு முனைகளையும் நிலத்தோடு இணைப்பது, ரிலேயின் நுழைவாயில்களில் வேகமான மிகையழுத்தக் காப்பான்களைப் பொருத்துவது, முடிந்த இடங்களில் செப்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழையை இடுவது, புதிதாகக் கட்டும் அறைகளுக்கு முழு உலோக உறை கொடுப்பது, உதிரி ரிலேக்களை உலோகப் பெட்டிக்குள் இருப்பு வைப்பது. எப்ரி பரிந்துரைத்த வழிகள் பெரும்பாலும் இவையே. புதிய நிலையத்தில் இவற்றைத் தொடக்கத்திலேயே சேர்ப்பது எளிது. இயங்கிக்கொண்டிருக்கும் பழைய நிலையத்தில் மின்தடை எடுத்து, வடங்களைத் தோண்டி மாற்றுவதில் செலவும் இடையூறும் பன்மடங்கு.

பெரிய மின்மாற்றிகளின் கதை வேறு. அவை ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்கென்றே வடிவமைத்துச் செய்யப்படுபவை. கேட்டு வாங்க ஓராண்டுக்கு மேலாகும், அண்மைக் காலத்தில் அதைவிட நெடுங்காலம் காத்திருக்க வேண்டியுள்ளது. அமெரிக்கா பெரும்பாலானவற்றை இறக்குமதி செய்கிறது. 2012 மார்ச்சில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் எப்ரியும் சேர்ந்து, எளிதில் எடுத்துச் செல்லத்தக்க மூன்று மீட்பு மின்மாற்றிகளை செயின்ட் லூயிஸிலிருந்து ஹூஸ்டனுக்குச் சாலை வழியே கொண்டுபோய் ஒரு வாரத்துக்குள் இயக்கிக் காட்டின. வெற்றி பெற்ற அந்த முயற்சி நாடளாவிய இருப்பாக வளரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

2019 ஆணையும் அதன் எல்லையும்

13865-ஆம் ஆணையின் வலிமை அதன் தெளிவில் இருக்கிறது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஒருங்கிணைப்பார். பாதுகாப்புத் துறை எதிரியின் திறனையும் ஆயுதத்தின் விளைவையும் ஆராயும். எரிசக்தித் துறை மின்கட்டமைப்பின் பலவீனங்களைச் சோதிக்கும். வணிகத் துறை விண்வெளி வானிலையை முன்னறிவிக்கும். நிலவளங்களைக் கவனிக்கும் உள்துறை, நான்கு ஆண்டுகளுக்குள், நாட்டின் நிலப்பரப்பில் எந்தப் பாறை எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்ற அளவீட்டை முடிக்கும். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 90 நாட்களுக்குள் ஆபத்துக்குள்ளாகும் முக்கியச் செயற்பாடுகளையும், ஓராண்டுக்குள் அவற்றைச் சார்ந்த கட்டமைப்புகளையும் பட்டியலிடும். 2016-இல் அரசுப் பொறுப்பாய்வு அலுவலகம், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள்ளேயே இந்தப் பணிக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்று குறை கூறியிருந்ததை நினைத்தால், இது சிறிய முன்னேற்றமன்று. 2019 டிசம்பரில் காங்கிரஸ் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே ஆணையின் பெரும்பகுதியைச் சட்டமாக்கி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அபாய மதிப்பீடு செய்ய வேண்டும் என்றும் விதித்தது. ஆட்சி மாறினாலும் பணி நிற்காது என்ற உறுதி அதனால் கிடைத்தது.

2021 ஜனவரியில் எரிசக்தித் துறை, மின்கட்டமைப்பைச் சோதிப்பதற்கான துடிப்பின் அளவுகளை இரகசியமில்லாத வடிவில் வெளியிட்டது. ஆணையமும் எப்ரியும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டது இந்த அளவைப் பற்றித்தான். எந்த அளவுக்குக் காப்புக் கட்டவேண்டும் என்று கேட்கும் பொறியாளருக்கு, இரகசிய அனுமதி இல்லாமலேயே, அரசின் பெயரால் ஒரு விடை கிடைத்தது. இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் பயனுள்ள ஆவணம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆயினும் ஆணையோ சட்டமோ எந்த மின் நிறுவனத்தையும் எதையும் கட்டும்படி கட்டாயப்படுத்தவில்லை, அதற்குரிய பணத்தையும் ஒதுக்கவில்லை. சோதனை முயற்சிகள், வழிகாட்டு நூல்கள், தன்னார்வ ஒத்துழைப்பு ஆகியவற்றோடு பணி நிற்கிறது. அவசர அறிவிப்புகளை ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் சிலவற்றுக்குக் கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமை காப்பறைகளை அமைத்துக் கொடுத்ததும், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் படைத்தளமும் உள்ளூர் மின்நிறுவனமும் சேர்ந்து மேற்கொண்ட முன்முயற்சியும் நல்ல தொடக்கங்கள். ஆனால் இவை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே உள்ளன.

இதற்கிடையே அபாயத்தின் உருவமும் மாறிவருகிறது. 1962 வெடிப்பு துடிப்பை மட்டும் உண்டாக்கவில்லை, புவியைச் சுற்றி ஒரு கதிரியக்கப் பட்டையையும் உருவாக்கியது. வெடிப்புக்கு மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளும், பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1 உட்பட வேறு சிலவும் அதனால் பழுதாயின. 2024 பிப்ரவரியில் ரஷ்யா செயற்கைக்கோள்களைத் தாக்கும் ஆற்றல் ஒன்றை உருவாக்கிவருவதாக வெள்ளை மாளிகை உறுதிப்படுத்தியபோதும், அதே ஆண்டு ஏப்ரலில் விண்வெளியில் அணு ஆயுதம் கூடாது என்ற தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரஷ்யா தடுப்பதிகாரத்தால் வீழ்த்தியபோதும், ஸ்டார்ஃபிஷ் சோதனையின் இந்தப் பகுதி மீண்டும் பேசுபொருளானது.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி இன்றே ஃபெர்க்கின் கையில் இருக்கிறது. 2013-இல் புவிகாந்தப் புயலுக்குச் செய்ததைப் போலவே, இ1 கட்டத்துக்கும் ஒரு விதி எழுதும்படி அது நெர்க்கைப் பணிக்கலாம். எல்லா நிலையங்களையும் அந்த விதிக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. முழு இருட்டடிப்புக்குப் பின் மின்தொகுப்பைத் தாமாகவே எழுப்பும் திறன் கொண்ட மின்நிலையங்கள், அவற்றிலிருந்து பெரிய நகரங்களை நோக்கிச் செல்லும் முதல் தடங்கள், அந்தத் தடங்களின் துணைமின் நிலையங்கள் என்ற குறுகிய வரிசையிலிருந்து தொடங்கலாம். அந்த வரிசையில் இனிமேல் கட்டப்படும் ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறையும் எரிசக்தித் துறையின் 2021 அளவுகளைத் தாங்க வேண்டும் என்றும், பழையவை அடுத்த பெரிய பராமரிப்பின்போது மாற்றப்பட வேண்டும் என்றும் விதிக்கலாம். தாக்குதலுக்கெதிரான காப்பு என்பதால் பழைய நிலையங்களுக்கான செலவைக் காங்கிரஸ் நிதியிலிருந்தும், புதியவற்றுக்கான கூடுதல் செலவை மின்கட்டணத்திலிருந்தும் ஏற்கலாம் என்ற பங்கீடு, நிறுவனங்கள் எழுப்பும் நியாயமான கேள்விக்கும் விடையாக அமையும்.